மலை வாசலில் வேப்பிலை

பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மதுரையிலிருந்து இருட்டோடு கிளம்பிய வேன், தேனி, போடி, போடிமெட்டு, தேவிகுளம் என்று வளைந்து வளைந்து ஏறி, மூணாறைத் தாண்டி, மறையூர் போகும் சாலையில் அஞ்சாம் மைலில் வந்து நின்றது. வேனுக்குள் எட்டுப் பேர். அப்பா, அம்மா, சித்தப்பா குடும்பம், மூன்று வாண்டுகள், எல்லோருக்கும் மூத்தவராக அப்பத்தா. மூணாறில் ரூம் போட்டாயிற்று. ஸ்வெட்டர், குல்லா, கட்டுச்சோறு எல்லாம் தயார். கடைசிப் பேரன் ஒரு வாரமாகத் தூக்கத்தில்கூட வரையாடு, வரையாடு என்று உளறிக்கொண்டிருந்தான்.

இரவிகுளம் தேசியப் பூங்காவின் கேட் பூட்டியிருந்தது.

"ஒண்ணாந்தேதியே மூடியாச்சு சார். ஆடு குட்டி போடுற சமயம். ஏப்ரல்ல வாங்க, நல்லாப் பாக்கலாம்" என்றார் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற வாட்ச்சர். சுத்தமான தமிழ். மூணாறில் இது ஆச்சரியமில்லை. அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்க்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து மலையேறியவைதான்.

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏங்க, நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல வண்டி ஓட்டிட்டு வந்திருக்கோம். ஆடு குட்டி போடுறதுக்கெல்லாமா கேட்டைச் சாத்துவாங்க? ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிடுறோமே?"

வாட்ச்சர் சிரித்தாரே தவிர, பூட்டில் கை வைக்கவில்லை. கடைக்குட்டி அழ ஆரம்பித்துவிட்டான்.

அதுவரை பேசாமல் இருந்த அப்பத்தா, வேனிலிருந்து மெதுவாக இறங்கினார். "ஏன்டா, உன் தங்கச்சி பேறுகாலத்துக்கு நம்ம வீட்டுக்கு வந்திருந்தப்ப, வாசல்ல வேப்பிலை சொருகி வச்சிருந்தேன். மறந்துபோச்சா? உன் சிநேகிதக்காரனையே திண்ணையோட பேசி அனுப்பினியே. பச்ச உடம்புக்காரி இருக்கற வீட்டுக்குள்ள கண்டவங்களும் போகலாமா? வேனைத் திருப்பு."

பேரன் அழுகையை நிறுத்திவிட்டு மலையை நிமிர்ந்து பார்த்தான். "அப்பத்தா, அங்க யாருக்குப் பாப்பா பொறந்திருக்கு?"

நல்ல கேள்வி. அதற்கான பதில் கொஞ்சம் நீளமானது.

பெயரிலேயே மலை

வரை என்றால் மலை. வரையில் வாழும் ஆடு வரையாடு. ஆங்கிலத்தில் 'நீலகிரி தார்' என்று சொல்லப்படும் இந்த விலங்கு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. சங்கப் பாடல்களில் 'வருடை' என்று வருவது இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து.

நம் வீட்டுக் கொல்லையில் கட்டும் வெள்ளாட்டைப் போலத் தோன்றினாலும், மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் 2005இல் வேறு உறவு சொன்னார்கள். இது செம்மறியாட்டுக்குத்தான் நெருங்கிய சொந்தமாம். இமயமலையில் இருக்கும் தாருக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் உண்டே தவிர, உடன்பிறப்பு உறவு இல்லை. அதனால் இதற்கென்றே 'நீலகிரிட்ராகஸ்' என்று தனிப் பேரினம் ஒதுக்கிவிட்டார்கள். அந்தப் பேரினத்தில் வேறு யாரும் கிடையாது. இது ஒன்றுதான்.

வளர்ந்த கிடா நூறு கிலோ வரை எடை வரும். கரும்பழுப்பு உடம்பு, முதுகில் சேணம் போட்டது போல ஒரு வெள்ளிச் சாம்பல் திட்டு. பெண் ஆடு அதில் ஏறக்குறைய பாதி எடைதான். இளஞ்சாம்பல் நிறம், பாறையோடு பாறையாகக் கலந்துவிடும். கொம்பு இரண்டுக்கும் உண்டு, பின்பக்கம் வளைந்திருக்கும்.

எங்கே வாழும்? மேற்குத் தொடர்ச்சி மலையில், நீலகிரியிலிருந்து தெற்கே அகத்தியமலைப் பகுதி வரை, பெரும்பாலும் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல், புல்வெளியும் செங்குத்துப் பாறையும் சேர்ந்து இருக்கும் இடங்களில். மேய்வதற்குப் புல் வேண்டும். சிறுத்தையோ செந்நாயோ வந்தால் ஓடி ஒளிய, வேறு எந்தப் பிராணியும் கால் வைக்கத் துணியாத பாறை வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அங்கே வரையாடு இருக்காது.

தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து 2025 ஏப்ரலில் ஒரே சமயத்தில் கணக்கெடுத்தன. கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303. ஆக மொத்தம் 2,668. உலகத்தில் வேறு எந்தக் காட்டிலும் இது கிடையாது. நகரத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் விட்டால் வாசலில் நிற்கும் பிள்ளைகள் கூட்டம் அவ்வளவு இருக்கும். ஓர் இனத்தின் மொத்த ஜனத்தொகையே அவ்வளவுதான்.

அதில் எண்ணூறுக்கும் மேற்பட்டவை ஒரே இடத்தில் இருக்கின்றன. அப்பத்தாவும் பேரனும் நின்றுகொண்டிருந்த கேட்டுக்குப் பின்னால், 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இரவிகுளத்தில். வரையாடுகள் இவ்வளவு அதிகமாகச் சேர்ந்து வாழும் மலை வேறு இல்லை. அந்தக் கேட் பூட்டப்படுவது ஏன் பெரிய விஷயம் என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

இரண்டு மாதப் பேறுகாலம்

வரையாடுகள் மழைக்காலத்தில் இணை சேரும். தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் தனியாகத் திரிந்துகொண்டிருந்த கிடாக்கள் மந்தைக்குள் வரும். கொம்போடு கொம்பு மோதும். பிறகு பெண் ஆடு ஏறத்தாழ ஆறு மாதம் சுமக்கும். மழை ஓய்ந்து, பனி இறங்கி, வெயில் தலைகாட்டும் ஜனவரி, பிப்ரவரியில்தான் பெரும்பாலான குட்டிகள் பிறக்கும். ஒரு பிரசவத்துக்கு அநேகமாக ஒரே குட்டிதான்.

பிரசவ நேரம் நெருங்கினால் தாய் மந்தையை விட்டு ஒதுங்கி, பாறை விளிம்பில் பாதுகாப்பான இடம் தேடிப் போகும். பிறந்த குட்டி சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். நமக்கு ஒரு வயசில் வரும் நடை அதற்குப் பிறந்த அன்றே வந்தாக வேண்டும். ஏனென்றால் அது பிறந்திருப்பது தொட்டிலில் இல்லை, கிடுகிடு பள்ளத்தின் ஓரத்தில். சில நாட்களில் தாயின் பின்னால் பாறை பாறையாகத் தாவ ஆரம்பித்துவிடும்.

ஆனால் அந்த முதல் சில வாரங்கள்தான் ரொம்பவும் ஆபத்தானவை. சிறுத்தை இருக்கிறது. செந்நாய்க் கூட்டம் இருக்கிறது. ராத்திரிக் குளிர் எலும்பைத் துளைக்கும். ஆனைமுடி சுற்று வட்டாரத்தில் குளிர்காலத்தில் உறைபனி விழுவது வாடிக்கை. பிறக்கும் குட்டிகள் எல்லாம் ஒரு வயசைத் தாண்டுவதில்லை.

இதில் மனிதர்களின் பங்கு என்ன? யாரும் கல்லெடுத்து எறிய வேண்டியதில்லை. குட்டியைப் பார்த்த சந்தோஷத்தில் நாலு பேர் "ஐ..." என்று கத்திக்கொண்டு ரோட்டை விட்டு இறங்கினால் போதும். மிரண்ட தாய் பாறையைப் பார்த்து ஓடும். பால் குடித்துக்கொண்டிருந்த குட்டி பாதியில் விடும். தாய் ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டால், மறுபடி சேரும் வரை அந்தக் குட்டி காவலில்லாத குட்டி. இதுவே ஒரு நாளைக்கு இருபது முறை நடந்தால், பால் கொடுக்க வேண்டிய தாய்க்கு மேயவும் நேரமிருக்காது, அசை போடவும் நேரமிருக்காது.

அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் வழக்கமாகப் பிப்ரவரி முதல் மார்ச் முடிய சுற்றுலாப் பயணிகளுக்குக் கேட்டை அடைக்கிறார்கள். குட்டிகளுக்கு ஓரளவு கால் ஊன்றிய பிறகு ஏப்ரலில் திறக்கிறார்கள். குட்டி பிறப்பது முன்னே பின்னே ஆனால் தேதியும் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அப்பத்தா வாசலில் சொருகிய வேப்பிலையும் இந்தப் பூட்டும் ஒன்றுதான். 'உள்ளே ஒருத்தி பிள்ளை பெற்றிருக்கிறாள், இப்போது வராதீர்கள்' என்று சொல்லும் அடையாளம்.

துப்பாக்கி ஓய்ந்த கதை

இன்றைக்கு இவ்வளவு பொத்திப் பொத்திப் பாதுகாக்கும் இதே மலை, ஒரு காலத்தில் வேட்டைக் களம். வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுற்றுவட்டாரத்துக் காட்டை அழித்துத் தேயிலை போட்டார்கள். தேயிலைக்கு ஆகாத உயரத்தில் இருந்த இந்த மேட்டுப் புல்வெளியை மட்டும் வேட்டைக்கென்று விட்டுவைத்தார்கள். அதற்கு ஒரு சங்கம் வைத்து, விதிமுறை வகுத்து, காவலுக்கு ஆள் போட்டார்கள். வேட்டையாடுவதற்காகவே காப்பாற்றினார்கள் என்பது விசித்திரம்தான். ஆனால் அதனால்தான் அந்தப் புல்வெளி தப்பியது.

காவலுக்கு நின்றவர்கள் முதுவர் பழங்குடியினர். ஆதியில் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்லிக்கொள்பவர்கள். பிள்ளைகளையும் தெய்வத்தையும் முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்று பெயர் வந்ததாக ஒரு கதை உண்டு. எந்தப் பாறையில் எந்த மாதம் ஆடு நிற்கும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் தீ எங்கே போகும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைரேகை மாதிரி.

1969இல் ஜார்ஜ் ஷாலர் என்ற அமெரிக்க விலங்கியலாளர் இங்கே வந்து வரையாடுகளைப் பற்றி ஆராய்ந்தார். 1971இல் கேரள அரசு சட்டம் போட்டுத் தோட்ட நிறுவனத்திடமிருந்த உபரி நிலங்களை எடுத்துக்கொண்டது. 1975இல் இரவிகுளம் சரணாலயமாயிற்று. 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. அதே எழுபதுகளில் தமிழகப் பக்கம் ஈ.ஆர்.சி. டேவிதார் என்ற இயற்கை ஆர்வலர் மலை மலையாக நடந்து வரையாடுகளைக் கணக்கெடுத்தார். அவர் நினைவாகத்தான் தமிழ்நாடு அரசு அக்டோபர் 7ஆம் தேதியை வரையாடு தினமாக அறிவித்திருக்கிறது. வரையாட்டுக்கென்றே 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி, 2022இல் ஒரு தனித் திட்டமும் அறிவித்தது.

வேட்டை நின்று பல தலைமுறை ஆடுகள் வந்துபோய்விட்டன. மனிதனைப் பார்த்தால் ஓட வேண்டும் என்ற பாடத்தை இங்குள்ள தாய்கள் குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால்தான் ராஜமலையில் வரையாடுகள் ரோட்டோரம் வந்து, பயணிகளிடமிருந்து பத்தடி தள்ளி நின்று புல் மேய்கின்றன. மற்ற மலைகளில் பைனாகுலரை வைத்துக்கொண்டு நாள் கணக்கில் காத்திருந்தாலும் தூரத்தில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும்.

பயணிகள் இதைப் பார்த்து, 'சாதுவான ஆடு, பழக்கின ஆடு' என்று நினைத்துவிடுகிறார்கள். அது பழக்கின ஆடு இல்லை. நம்பிய ஆடு. யாரும் இத்தனை வருஷமாக அதற்குத் தீங்கு செய்யவில்லை என்பதால் வந்த நம்பிக்கை அது. சேர்க்க ஐம்பது வருஷம் ஆயிற்று. கெடுக்க அவ்வளவு நாள் ஆகாது.

பூட்டினால் யாருக்கு நஷ்டம்?

இரண்டு மாதம் கேட்டை அடைப்பதில் யாருக்கும் கஷ்டமே இல்லை என்று சொன்னால் அது பொய். மூணாறில் ஜீப் ஓட்டுபவர்களுக்கு ராஜமலை சவாரி ஒரு முக்கிய வரும்படி. சாலையோரத்தில் சுட்ட சோளமும் கேரட்டும் விற்பவர்கள், டீக்கடைக்காரர்கள், சின்னச் சின்ன லாட்ஜ் நடத்துபவர்கள் என்று பலருக்கும் கை கடிக்கும். பூங்காவுக்கும் நுழைவுக் கட்டணம் வராது.

ஆனால் அவர்களில் யாரைக் கேட்டாலும் ஒரு கணக்குச் சொல்வார்கள். மிச்சம் பத்து மாதமும் ஜனங்கள் வருவது எதைப் பார்க்க? இந்த ஆட்டைப் பார்க்கத்தான். குட்டி தங்காமல் போனால் பத்து வருஷம் கழித்து எதைக் காட்டி ஆளைக் கூப்பிடுவது? பசுவைச் சினையாக இருக்கும்போது ஏரில் பூட்டும் சம்சாரி உண்டா?

வேலை செய்பவர்களுக்கும் இது ஓய்வு மாதம் இல்லை. புல் காய்ந்து சருகாக இருக்கும் காலம். ஒரு பீடித் துண்டு போதும், மலையே பற்றிக்கொள்ளும். புல்வெளியின் ஓரங்களில் முன்கூட்டியே தீத்தடுப்புக் கோடு எடுத்து, இரவும் பகலும் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வாட்ச்சர்கள். அவர்களில் பலர் அதே முதுவர் குடிகளைச் சேர்ந்தவர்கள். அன்று துரைகளுக்காகக் காவல் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று குட்டிகளுக்காகக் காவல் நிற்கிறார்கள்.

ஆட்டோடு முடிவதில்லை

வேனைத் திருப்பச் சொன்னார் அப்பத்தா. ஆனால் மூணாறுக்குத் திரும்பாமல், அதே சாலையில் மறையூர்ப் பக்கம் போனார்கள். வழியில் லக்கம் அருவி. பிள்ளைகள் தண்ணீரில் கால் நனைத்தார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பூட்டிய கேட்டுக்குப் பின்னால் இருக்கும் அதே மேட்டுநிலத்திலிருந்துதான்.

இரவிகுளத்தின் மேட்டுநிலம் முழுக்கப் புல்வெளி. மடிப்பு மடிப்பான பள்ளங்களில் மட்டும் குட்டை மரங்கள் அடர்ந்த சோலைக்காடுகள். புல்லும் சோலையும் மழையைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சொட்டுச் சொட்டாக விடும். மேற்கே இறங்கும் ஓடைகள் பெரியாற்றுக்கும் சாலக்குடி ஆற்றுக்கும் போகின்றன. கிழக்கே இறங்குபவை பாம்பாற்றில் சேருகின்றன. பாம்பாறு மறையூர், சின்னாறு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து அமராவதி அணையை நிரப்புகிறது. உடுமலைப்பேட்டை, தாராபுரம் வயல்களில் பாய்ந்து, கரூர் அருகே காவிரியில் கலக்கிறது.

ஆக, அந்த மலையின் மேல் தீ பற்றினாலோ, புல்வெளியை அந்நிய நாட்டுச் சீகை மரம் ஆக்கிரமித்தாலோ, கஷ்டம் ஆட்டுக்கு மட்டும் இல்லை. கீழே வாய்க்கால் பாசனம் செய்யும் விவசாயிக்கும்தான். புல்வெளி இருந்தால் ஆடு இருக்கும். ஆடு செழிப்பாக இருக்கிறதென்றால் புல்வெளி நன்றாக இருக்கிறதென்று அர்த்தம்.

அங்கே இன்னும் யார் யார் இருக்கிறார்கள்? யானை, காட்டெருமை, கடமான், கருமந்தி, புலி, சிறுத்தை. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடிதான் இமயமலைக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயரமான சிகரம். அதன் உச்சிப் பக்கத்தில், குட்டை மூங்கில் புதர்களுக்குள், ஆரஞ்சும் சிவப்புமாக ஒரு குட்டித் தவளை இருக்கிறது. 2010இல்தான் அறிவியல் உலகத்துக்கே அது அறிமுகமானது. அந்தச் சிகரத்தை ஒட்டிய சின்னஞ்சிறு பரப்புதான் அதன் மொத்த உலகம். தண்ணீரில் தலைப்பிரட்டையாக நீந்தும் பருவமே அதற்குக் கிடையாது. முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வரும்.

வரையாட்டுக்கும் இந்தத் தவளைக்கும் ஒரே சங்கடம். வெயில் ஏறினால் கீழே இருப்பவர்கள் மேலே ஏறலாம். மலை உச்சியில் இருப்பவர்கள் எங்கே ஏறுவார்கள்? அதற்கு மேல் ஆகாயம்தான்.

திறந்த பிறகு போகிறவர்களுக்கு

ஏப்ரலில் கேட் திறக்கும். போக நினைப்பவர்கள் முதலில் திறப்புத் தேதியைப் பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டையும் முன்பதிவு செய்துவிடுவது நல்லது. விடுமுறை நாட்களில் வரிசை நீளும்.

சொந்த வண்டி அஞ்சாம் மைலோடு நின்றுவிடும். அங்கிருந்து வனத்துறை பஸ்ஸில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ராஜமலைக்கு ஏற வேண்டும். இறங்கிய பிறகு ஒன்றரைக் கிலோமீட்டர் போல ஏற்றமான தார்ச்சாலையில் நடை. வயசானவர்கள் நின்று நின்று நடந்தால் முடியும். முழங்கால் வலி இருப்பவர்கள் பாதியில் உட்கார்ந்துகொண்டாலும் நஷ்டமில்லை. ஆடு பல சமயம் பாதி வழியிலேயே வந்து நிற்கும். ஆனைமுடி உச்சிக்குச் சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை.

காலையில் முதல் பஸ்களில் போவது நல்லது. மதியத்துக்கு மேல் மேகம் இறங்கினால் பக்கத்தில் நிற்பவர் முகமே தெரியாது. ஏப்ரல், மே மாதத்திலும் ஸ்வெட்டர் வேண்டும். பிள்ளைகளுக்குக் காதை மூடும் குல்லா அவசியம்.

தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள். ஆடு சாலைக்கு வந்தால் நீங்கள் நின்றுவிடுங்கள், அது கடந்து போகட்டும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள். செல்ஃபிக்காகச் சுற்றி வளைக்காதீர்கள். தொட்டுப் பார்க்க ஆசை வரும், வேண்டாம்.

எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். உப்பும் காரமும் போட்ட சிப்ஸை ஒரு ஆடு ருசி பார்த்துவிட்டால், நாளை முதல் அது பாறையில் நிற்காது, குப்பைத் தொட்டியருகில் நிற்கும். பிளாஸ்டிக் பையை உள்ளே கொண்டுபோகாதீர்கள். நீங்கள் கொண்டுபோனது எதுவானாலும் உங்களோடு கீழே இறங்கட்டும்.

குறிஞ்சிப் பூ பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இந்த மலையில் 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி அடுத்தது 2030. பூக்கும் வரை புதர் பச்சையாகத்தான் நிற்கும். பறித்துக்கொண்டு வந்தால் வாடிவிடும். விதை விழுந்தால்தான் அதற்கு அடுத்த பன்னிரண்டு வருஷம் கழித்து நம் பேரப்பிள்ளைகளுக்குப் பூ.

மே மாதம்

முழுப் பரீட்சை லீவில் அதே வேன் மறுபடி அஞ்சாம் மைலில் வந்து நின்றது. இந்த முறை கேட் திறந்திருந்தது.

ராஜமலைச் சாலையில் இரண்டாவது வளைவிலேயே பார்த்துவிட்டார்கள். ரோட்டுக்கு மேலே புல் சரிவில் ஒரு தாய். அதன் காலடியில் மூன்று மாதக் குட்டி. பேரன் கத்தப் போனான். அப்பத்தா அவன் வாயைப் பொத்தினார். "சத்தம் போடாத கண்ணு. குழந்தை பால் குடிக்குது பாரு."

குட்டி முட்டி முட்டிக் குடித்தது. பிறகு பாறை மேல் ஒரே தாவாகத் தாவி, எதற்கென்றே இல்லாமல் மறுபடி கீழே தாவியது. எட்டுப் பேரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

அப்பாவுக்குப் படம் இன்னும் நன்றாக விழ வேண்டும் என்று தோன்றிவிட்டது. செல்போனை நீட்டிக்கொண்டு தார் விளிம்பைத் தாண்டிப் புல்லில் ஒரு கால் வைத்தார். தாய் மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையை உயர்த்தியது. குட்டி அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

"போதும்டா" என்றார் அப்பத்தா. "பிள்ளைக்குக் கண்ணு பட்டுடும். தள்ளி வா."

அப்பா காலை எடுத்துத் தாரில் வைத்தார். தாய் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தலையைக் குனிந்து மறுபடி புல்லைக் கடிக்க ஆரம்பித்தது.